குடும்பப் படத் தொகுப்பில் ஆபாசப் படங்களைத் தானாகச் சலிக்க முடியுமா? – ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

2024 ஜூன் 9, காலை (வாசகர் கேள்வி)

என் தந்தைக்கு ஆவணி மாதம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அன்று மாலை மண்டபத்தில் திரையிடுவதற்காக, வீட்டிலுள்ள நால்வரின் கைப்பேசிகளிலிருந்தும் பழைய கணினியிலிருந்தும் எல்லாப் படங்களையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். மொத்தம் 38,000-க்குச் சற்று மேல் வரும். பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தவை. நடுநடுவே யார் யாரோ அனுப்பிய ஆபாசப் படங்களும் கிடக்கின்றன. பத்து நிமிடம் புரட்டியதிலேயே மூன்று கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை. எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் அனுப்பிவைக்க மனமும் இல்லை. வீட்டுக் கணினியிலேயே இயங்கி, இத்தகைய படங்களைத் தானாகக் கண்டுபிடித்து நீக்கிவிடும் நிரல் உண்டா?

ஜூன் 9, இரவு

கண்டுபிடிக்கும் நிரல் உண்டு. நீக்கும் நிரலும் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள் என்பதுதான் என் பதில்.

2016 செப்டம்பர் இறுதியில் யாஹூ நிறுவனம் ‘ஓப்பன் என்எஸ்எஃப்டபிள்யூ’ என்ற பயிற்றுவித்த வலைப்பின்னலை, அதாவது ஏராளமான படங்களைக் காட்டி ஆபாசத்தை அடையாளம் காணப் பழக்கிய நிரலை, எல்லோருக்கும் திறந்துவிட்டது. பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களை, அவற்றின் தன்மை காரணமாக, வெளியிடவில்லை. வலைப்பின்னல் மட்டுமே கிடைத்தது. ஒரு படத்தைக் கொடுத்தால் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பெண் தரும். 0.2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் குற்றமற்றது, 0.8-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஆபாசம் என்று அவர்களே ஒரு வழிகாட்டுதலும் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இதைவிட நல்லவை பல வந்துவிட்டன. கையால் வரைந்த படம், அனிமே ஆபாசம், சாதாரணம், ஆபாசம், கவர்ச்சி என்று ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்லும் மாதிரியும் (இத்தகைய வலைப்பின்னலுக்கு இன்னொரு பெயர்) உண்டு. எல்லாம் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்ட மடிக்கணினியிலும் இயங்கக்கூடியவை. உங்கள் 38,000 படங்களைத் தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகூட ஓர் இரவில் முடித்துவிடும்.

சிக்கல் வேகத்தில் இல்லை, 0.2-க்கும் 0.8-க்கும் நடுவில் இருக்கிறது. அங்கேதான் உங்கள் குடும்பம் குடியிருக்கிறது.

ஜூன் 10

‘நடுவில் குடும்பம் குடியிருக்கிறது என்றால் என்ன பொருள்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் 38,000 படங்களில் உண்மையிலேயே ஆபாசமானவை 100 என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி அவற்றில் 95-ஐப் பிடித்துவிடுகிறது என்றும், குற்றமற்ற படங்களில் நூற்றுக்கு இரண்டை மட்டுமே தவறாகப் பிடிக்கிறது என்றும் கொள்வோம். கேட்பதற்கு நல்ல வடிகட்டிதான். ஆனால் குற்றமற்றவை 37,900 இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு இரண்டு என்றால் 758. ஆக, வடிகட்டி உங்கள் முன் கொண்டுவந்து கொட்டும் 853 படங்களில் 95 மட்டுமே நீங்கள் தேடியவை, ஒன்பதில் ஒன்று. மீதி எட்டும் பாட்டியும் பேரனும் தேர்த் திருவிழாவும். ‘தானாக நீக்கிவிடும்’ நிரலாக இருந்திருந்தால் 758 நல்ல படங்கள் ஒரே இரவில் போயிருக்கும், தப்பிய ஐந்து ஆபாசப் படங்களோ மண்டபத்துத் திரைக்குக் காத்திருக்கும்.

ஆகவே நீக்க வேண்டாம், தனிக் கோப்புறைக்கு நகர்த்துங்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஜூன் 12

முதல் குறிப்பில் வடிகட்டியிலிருந்து தொடங்கியது தவறு. இரண்டு நாள் யோசித்ததில், எங்கள் வீட்டில் உண்மையில் வேலை செய்தது அதுவன்று என்பது நினைவுக்கு வந்தது.

படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன், படம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம், ஆண்ட்ராய்டு கைப்பேசியில், தேதியும் ‘டபிள்யூஏ’ என்ற இரண்டெழுத்தும் நான்கு இலக்க எண்ணும் கொண்ட பெயருடன் தனிக் கோப்புறையில் உட்காரும். அதில் எக்ஸிஃப் தகவல், அதாவது எந்தக் கேமரா, எப்போது, எந்த இடம் என்ற குறிப்பு, இருக்காது, அனுப்பும்போதே உரிக்கப்பட்டுவிடும். நீங்களே எடுத்த படத்தில் கேமராவின் பெயர் அப்படியே இருக்கும். அலையலையாக வந்து குவிந்த ஆபாசம் முழுவதும் ஏறத்தாழ முதல் வகையில்தான் இருக்கும். ஆகவே கேமராப் பெயர் உள்ள படங்களை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் மட்டும் வடிகட்டியை ஓட்டுங்கள். தவறாகப் பிடிபடுபவை எண்ணிக்கையில் குறையும் என்பது ஒருபுறம். நீங்களே எடுத்த உங்கள் வீட்டுக் குழந்தையின் படமும் மனைவியின் படமும் அந்தச் சல்லடையில் விழவே விழாது என்பது இன்னொரு புறம்.

அதற்கும் முன்னால் நகல்களைக் களையுங்கள். ஒரே படம் நான்கு கைப்பேசிகளுக்கும் பல குழுக்கள் வழியாக வந்திருக்கும். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து அதே கோப்பு. நகல்களைத் தேடித் தரும் இலவச நிரல்கள் உண்டு. படங்களை அடுக்கிவைக்கும் டைஜிகேம் என்ற மென்பொருளும் இதைச் செய்யும். வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ மட்டும் எங்கள் வீட்டில் சில நூறு பிரதிகள் இருந்தது.

ஜூன் 12, மாலை

சிறு திருத்தம். கணினி உலாவியில் வாட்ஸ்அப்பைத் திறந்து சேமித்த படத்துக்கு அந்த இரண்டெழுத்துப் பெயர் வராது. ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கி, தேதியும் நேரமும் சேர்ந்த நீண்ட பெயர் வரும். இரண்டு வடிவங்களையும் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளிலும் கேமராப் பெயர் இருக்காது என்பதால் அவையும் இந்தப் பக்கம் வந்து சேரும், சேரட்டும்.

ஜூன் 16

தவறாகப் பிடிபடுவது எப்படிப்பட்ட படம் என்று சொல்லுங்கள் என்றார்கள். சென்ற ஆண்டு என் தொகுப்பில் ஓட்டியபோது 0.6-க்கு மேல் வந்தவற்றை நினைவிலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா மேல்துண்டு இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். வடம் பிடிக்கும் இளைஞர் கூட்டம். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்க்கும் என் அத்தை. பிசைந்து உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தும் முன் எடுத்த பரோட்டா மாவு. தோல் சீவிய நுங்கு ஒரு தட்டு நிறைய. இவற்றில் பரோட்டா மாவுக்குத்தான் மதிப்பெண் அதிகம்; தாத்தா இரண்டாம் இடம்.

சிரித்துவிட்டு யோசித்தால் காரணம் புரியும். இந்தத் துறையின் தொடக்க முயற்சிகளில் ஒன்று 1996-ஆம் ஆண்டு ஃபிளெக், ஃபோர்சைத், பிரெக்ளர் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. முதலில் தோல் நிறமும் தோலின் வழவழப்பும் உள்ள பரப்புகளைத் தேடு; பிறகு அந்தப் பரப்புகள் கைகால்களைப் போல ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றனவா என்று பார். இதுதான் அவர்களின் வழி. இன்றைய வலைப்பின்னல்களுக்கு யாரும் இப்படி விதி எழுதிக் கொடுப்பதில்லை, லட்சக்கணக்கான படங்களைக் காட்டி அதுவே கற்றுக்கொள்ளும்படி விடுகிறார்கள். ஆனாலும் நிறமும் வழவழப்பும் வளைவும் அதன் மனதை விட்டு அகன்றதாகத் தெரியவில்லை. 2017-இல் லண்டன் மாநகரக் காவல்துறையின் தடயவியல் அதிகாரி ஒருவர், தங்கள் மென்பொருள் பாலைவனப் படங்களை நிர்வாணப் படங்கள் என்று சொல்லிவிடுவதாகப் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். மணல்மேட்டையே அப்படிப் பார்க்கும் கண், நுங்கை வேறு எப்படிப் பார்க்கும்?

மேற்சட்டை அணியாத ஆணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிகள் இணையத்தில் திரட்டிய படங்களில் வளர்ந்தவை. அங்கே சட்டை இல்லாத உடல் என்றால் கடற்கரை, இல்லாவிட்டால் படுக்கையறை. கோயிலுக்குள் சட்டையைக் கழற்றிவிட்டுப் போகும் ஊர் ஒன்று இருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. உங்கள் திருக்கடையூர்ப் படங்களில் பாதி இந்தக் கதைதான்.

ஜூன் 17

நுங்குக்கு மருந்து உண்டு. படம் முழுவதற்கும் ஒரே மதிப்பெண் தருவதற்குப் பதிலாக, உடலின் எந்தப் பகுதி, படத்தில் எந்த இடத்தில், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கட்டம் போட்டுக் காட்டும் ‘நியூட்நெட்’ என்ற திறந்த மென்பொருள் கிடைக்கிறது. இதை அப்படியே ஓட்டினால் இன்னும் மோசமாகும். நான் அப்படித்தான் ஓட்டினேன். அதன் பட்டியலில் ‘திறந்த வயிறு’ என்று ஒன்று, ‘திறந்த பாதம்’ என்று ஒன்று, ‘திறந்த அக்குள்’ என்று ஒன்று, ‘திறந்த ஆண் மார்பு’ என்று ஒன்று. புடவை கட்டிய பெண்கள் அத்தனை பேருக்கும் இடுப்பருகே கட்டம் விழுந்தது. என் தங்கையின் கல்யாண ஆல்பத்தில் அம்மி மிதித்து மெட்டி போடும் படம் ‘திறந்த பாதம்’ என்று வந்து நின்றது. இந்த நான்கையும் பட்டியலிலிருந்து நீக்கி, பிறப்புறுப்பு, பிட்டம், பெண் மார்பு ஆகியவற்றின் திறந்த நிலையை மட்டும் கேட்டபோது குவியல் சட்டென்று வற்றிவிட்டது. கோபுரச் சுதைச் சிற்பங்கள் மட்டும் வற்றவில்லை.

வீட்டிலேயே சர்வர் வைத்துப் படங்களை அடுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபோட்டோபிரிசம் மென்பொருளில் இதற்கென்று ஓர் அமைப்பு உண்டு. புதிதாகச் சேரும் படத்தில் ஐயம் எழுந்தால் அதை நீக்காது, ‘தனிப்பட்டது’ என்று குறித்து ஒதுக்கிவைக்கும். நான் பார்த்தவற்றில் இந்த அடக்கம்தான் எனக்குப் பிடித்தது.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் முதல் சுற்றை முடித்துவிட்டு, ‘ஐஃபோன் படங்களில் ஒன்றுகூடச் சிக்கவில்லை, எங்கள் வீட்டில் ஐஃபோன் வைத்திருப்பவர் சுத்தமானவர்’ என்று எழுதியிருந்தார். மனம் கேட்காமல் அவருடைய நிரலின் பதிவேட்டை அனுப்பச் சொன்னேன்.

ஐஃபோன் தன் படங்களை ஹெய்க் என்ற வடிவில் சேமிக்கிறது. நாம் பயன்படுத்திய நிரலால் தனி நீட்சி நிறுவாமல் அதைத் திறக்கவே முடியாது. திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று எழுதியவர் யோசிக்காததால், திறக்காத ஒவ்வொரு படத்துக்கும் 0 மதிப்பெண் விழுந்திருக்கிறது. 0 என்றால் குற்றமற்றது. ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்தே பார்க்காமல் நற்சான்று கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

அந்த நிரலை எழுதியவன் நான்தான் என்பதால் வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. இதே நிரலில் இன்னொரு ஓட்டையும் அகப்பட்டது. கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம், கோப்புக்குள் படுத்தபடியேதான் இருக்கும். ‘இதை நிமிர்த்திக் காட்டு’ என்ற குறிப்பு எக்ஸிஃபில் தனியாக இருக்கும். நம் கண்ணுக்குக் காட்டும் மென்பொருள் நிமிர்த்திக் காட்டும், என் நிரல் நிமிர்த்தாமலே வடிகட்டிக்குக் கொடுத்துவிட்டது. படுத்துக் கிடக்கும் மனித உருவத்தை அது சரியாக அறிந்துகொள்வதில்லை. மூன்றாவதாக ஒன்று: யாஹூவின் பழைய மாதிரி எந்தப் படத்தையும் 256-க்கு 256 என்று நசுக்கி, நடுவில் 224-க்கு 224 அளவை மட்டும் வெட்டிப் பார்க்கும். கைப்பேசித் திரை முழுவதையும் பிடித்த நீள ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு மூலையில் இருக்கும் சிறு படம் இந்த நசுக்கலில் அடையாளம் இழந்துவிடும்.

புதிய நிரல் அனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று பைகள்: ஐயத்துக்குரியவை, மற்றவை, திறக்க முடியாதவை. மூன்றாவது பையைத்தான் முதலில் பாருங்கள்.

ஜூலை 3

ஐஃபோனே இதைச் செய்யுமே என்ற கேள்விக்கு: 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த எச்சரிக்கை வசதி, செய்தியாகவோ ஏர்டிராப்பிலோ உங்களுக்கு வந்து சேரும் நிர்வாணப் படத்தை மங்கலாக்கிக் காட்டி, பார்க்கலாமா என்று கேட்கும். சோதனை கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் ஏற்கெனவே தொகுப்பில் கிடக்கும் பல்லாயிரம் படங்களைத் துழாவி எடுத்துத் தருவது அதன் வேலையன்று. வாசற்காவலுக்கு வந்தவரைக் கொல்லை கூட்டச் சொல்ல முடியாது.

ஜூலை 14

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார்.

2022-இல் என் தந்தையின் சதாபிஷேகம். ஹோமம் முடிந்து, சாப்பாட்டுக்கு இலை போடும்வரை நேரம் இருந்ததால், கூடத்துத் தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகி, படங்கள் வரிசையில்லாமல் மாறி மாறி வரும்படி விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி. அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கறுப்புவெள்ளைப் படம் போனது. அடுத்து வந்தது ஒரு வாட்ஸ்அப் படம். விவரிக்க வேண்டியதில்லை. ரிமோட் பெரிய அத்தையின் தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது. ஐந்து விநாடி என்பது எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது. கூடத்தில் முப்பது பேர். கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்த அத்தை மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, ‘இது யாருடா, எந்தப் பக்கத்துச் சொந்தம்?’ என்று கேட்டார். அதற்குள் அடுத்த படமாக என் மகளின் காதுகுத்து வந்துவிட்டது.

வீட்டில் யாருடைய கைப்பேசியிலிருந்தோ வந்திருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஜூலை 15

‘யாருடைய கைப்பேசியிலிருந்தோ’ என்று நேற்று எழுதியது நேர்மையில்லை. கோப்பின் பெயரிலிருந்த தேதியை வைத்துத் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு அன்றிரவே தெரிந்தது. அது என் கைப்பேசி. கல்லூரித் தோழர்கள் குழுவில் ஒருவர் போட்டது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை, தானாக இறங்கியது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவில் என்ன வரும் என்று தெரிந்தும் விலகாமல் இருந்ததும் உண்மைதான்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கேள்வி கேட்டவர் நால்வரின் கைப்பேசிகளை ஒரே டிஸ்கில் கொட்டியிருக்கிறார். வடிகட்டி எடுத்துத் தரும் குவியலைத் திறந்து பார்க்கும் அந்தக் கணத்தில், தம்பி யாரோடு என்ன பேசினான், மைத்துனர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு வந்துவிடும். அதில் யாராவது தமக்கென்று எடுத்துக்கொண்ட படமும் இருக்கலாம். ஆபாசம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில், வம்புக்கு அனுப்பியதும் உண்டு, கணவனும் மனைவியும் தங்களுக்குள் வைத்துக்கொண்டதும் உண்டு. வடிகட்டிக்கு இரண்டும் 0.9 தான். அவரவர் கைப்பேசிப் படங்களில் அவரவரே நிரலை ஓட்டி, அவரவரே குவியலைப் பார்த்து, மிச்சத்தை மட்டும் பொது டிஸ்கில் சேர்ப்பதே முறை. இதை நான் ஜூன் 9-ஆம் தேதியே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தவறையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நிரல் வேலை முடிந்ததும் எல்லாப் படங்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதும். வசதிக்காக அதிக மதிப்பெண் மேலே வரும்படி அடுக்கியிருந்தேன். அந்தக் கோப்பு, வீட்டில் எல்லோரும் திறக்கும் கோப்புறையிலேயே பல வாரம் கிடந்தது. அதாவது இருபது ஆண்டுப் படக் கடலில் யாரும் எளிதில் தேடிப்பிடிக்க முடியாதவற்றை நானே பொறுக்கி எடுத்து, முதலிடம் இரண்டாமிடம் என்று எண் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் மனைவி கேட்டார்: ‘பாப்பாவுக்குப் பால் கொடுத்த படத்தை எதற்கு இந்த லிஸ்ட்டில் முதலில் வைத்திருக்கிறீர்கள்?’ மகள் பிறந்த பத்தாம் நாள் அவருடைய அம்மா எடுத்த படம் அது. நான் வைக்கவில்லை, கணினி வைத்தது என்று சொன்னேன். அந்தப் பதில் எடுபடவில்லை.

அட்டவணையை எழுதாத நிரலை இன்றிரவு அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 4

‘இவ்வளவு தொல்லை எதற்கு, கிளவுடில் ஏற்றினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்கிறார் ஒரு நண்பர். அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சிறு மகனுக்கு ஏற்பட்ட வீக்கத்தை மருத்துவருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்தார். கைப்பேசி அதைத் தானாகக் கூகுள் கணக்கில் ஏற்றியது. இயந்திரச் சோதனையில் குழந்தை மீதான கொடுமை என்று குறிக்கப்பட்டு, அவருடைய கணக்கு மூடப்பட்டது, காவல்துறைக்கும் தகவல் போனது. குற்றம் எதுவும் நிகழவில்லை என்று காவல்துறை முடிவு செய்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. எண்ணெய்க் குளியல் படங்கள் நிறைந்த நம் வீட்டுத் தொகுப்புகளை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் முதல் நாளே ‘சர்வருக்கு அனுப்ப மனமில்லை’ என்று சொன்னது சரியான உள்ளுணர்வு.

ஆகஸ்ட் 5

தேதி நெருங்குகிறது. இரண்டு மாதமாக வடிகட்டியைப் பற்றியே எழுதிவிட்டு இதைச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது: மண்டபத்துத் திரைக்கு வடிகட்டியே வேண்டாம்.

ஐந்து விநாடிக்கு ஒரு படம் என்று ஓடவிட்டால் அரைமணி நேரத்துக்கு 360 படங்கள் போதும். 38,000-இலிருந்து கூடாதவற்றை எல்லாம் எடுத்துவிட்டோமா என்று அஞ்சிக்கொண்டிருப்பதைவிட, வேண்டிய 360-ஐக் கையால் எடுத்து வெறும் பென் டிரைவில் போடுவது எளிது. கேமராப் பெயர் உள்ள படங்களிலிருந்து மட்டும் எடுங்கள். அம்மாவை உட்காரவைத்து எடுக்கச் சொல்லுங்கள். யார் யாரை விட்டால் யார் கோபித்துக்கொள்வார் என்பது எந்த நிரலுக்கும் தெரியாது. சதாபிஷேகத்தன்று நான் செய்த பிழை வடிகட்டாமல் விட்டதன்று. எல்லாவற்றையும் செருகியது.

செப்டம்பர் 24

ஜூன் 10-ஆம் தேதி நான் சொன்ன ‘நீக்க வேண்டாம், தனிக் கோப்புறைக்கு நகர்த்துங்கள்’ என்ற அறிவுரையை ஒரு வகைப் படத்துக்குத் திரும்பப் பெறுகிறேன்.

கைப்பேசியில் குழந்தைகளின் ஆபாசக் காணொளிகளை வைத்திருந்த ஓர் இளைஞர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆண்டு ஜனவரியில் ரத்து செய்திருந்தது நினைவிருக்கலாம். தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற அடிப்படையில் வந்த உத்தரவு அது. நேற்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, அத்தகைய படத்தை வைத்திருந்து, அதை அழிக்கவோ உரியவரிடம் தெரிவிக்கவோ தவறுவதிலிருந்தே பகிரும் நோக்கத்தை ஊகிக்கலாம் என்கிறது தீர்ப்பு. அதை ‘ஆபாசப் படம்’ என்று அழைப்பதே தவறு, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலையும் கொடுமையையும் பதிவுசெய்த பொருள் என்றே குறிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்திருத்தம் சரி.

ஆகவே குழுக்களில் வந்த குப்பையில் அப்படி ஒன்று அகப்பட்டால் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்கி வைக்காதீர்கள். எவருக்கும் சாட்சியாகக்கூட அனுப்பாதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் தொடர்பானவற்றுக்குப் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். புகாரும் அழிப்பும் எந்த வரிசையில் என்ற ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். குழுவைவிட்டு விலகுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார். அவருடைய அம்மா இரண்டு பிற்பகல்களில் 340 படம் எடுத்துக்கொடுத்தாராம். அதில் பதினொன்று, வடிகட்டி ஐயத்துக்குரிய பையில் போட்டவை: கொள்ளிடத்தில் இடுப்பளவு நீரில் அப்பாவும் மூன்று சித்தப்பாக்களும், மொட்டைத்தலையும் வெற்று மார்புமாகப் பழனியில் அப்பா, இப்படி. மண்டபத்தில் எந்தத் தடங்கலும் இல்லை. பாதிப்பேர் பந்திக்குப் போய்விட்டதால் படங்களை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான் அவர் வருத்தம்.

இனி மீதியுள்ள 38,000-ஐ என்ன செய்வது என்று கேட்கிறார். முதலில் நான்கு கைப்பேசிகளிலும் வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கத்தை அணையுங்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைக்க வேண்டாம். பிறகு அவரவர் பையை அவரவர் காலி செய்யட்டும். நீக்கிய பின் குப்பைத்தொட்டிக் கோப்புறையையும் காலி செய்ய வேண்டும். அது தானாகக் காலியாக 30 நாள் ஆகும். படம் போன பின்னும் அதன் சிறு உருவங்கள் தொகுப்பு மென்பொருளின் தரவுத்தளத்தில் தங்கியிருக்கும், அவற்றையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியும் கிளவுடும் ஒத்திசைவில் இருந்தால் ஓரிடத்தில் நீக்கியது மற்ற இடத்திலும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அக்டோபர் 7

30 நாள் என்றது ஐஃபோனுக்கு. கூகுள் ஃபோட்டோஸில் கிளவுடுக்கு ஏற்றிய படமானால் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதுவரை மைத்துனரின் டேப்லெட்டைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.